சாப்பிடுது, ஆனா மெலியுது: புது கடல் மீனும் வயித்துப் புழுவும்

தம்பி கேட்ட கேள்வி இதுதான், மத்தவங்களுக்கும் புரியட்டும்னு முதல்ல சொல்லிடறேன். கொளத்தூர் பக்கம் ஒரு கடைல பவுடர் ப்ளூ டேங்னு ஒரு கடல் மீன் (டேங்கறது மீன் பேர், தொட்டி இல்ல) வாங்கியிருக்கார், நாலு இஞ்ச் சைஸ், வந்து பன்னெண்டு நாள் ஆகுது, 80 லிட்டர் குவாரன்டைன் டேங்க்ல தனியா இருக்கு. போட்டத சாப்பிடுது, ஆனா வயிறு ஒட்டிப் போய் கிடக்கு, பின்னாடி வெள்ளையா நூல் மாதிரி கக்கா தொங்குது. கடைக்காரர் ஒரு பொடி பாக்கெட்டக் குடுத்து மீன மெயின் டேங்க்லயே விட்டுட்டு இத அப்படியே தண்ணில கொட்டிடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்லியிருக்கார். கொட்டலாமா?

கொட்டாதீங்க. மீன தனியா வச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கே பாதி மார்க் உங்களுக்கு, மீதிப் பாதிய அந்த பாக்கெட்டால தொலைச்சிடாதீங்க.

முதல்ல ஒண்ணு. வெள்ளக் கக்காங்கறது வியாதியோட பேர் இல்ல. வயிறு காலியா இருந்தா குடலோட உள்பக்கத்துல இருக்கற சளி மட்டும் உரிஞ்சு நூலா வெளிய வரும், அதுவும் வெள்ளையாதான் இருக்கும். உங்க மீன் வந்த வழிய யோசிச்சுப் பாருங்க. பவுடர் ப்ளூ நம்ம இந்தியப் பெருங்கடல் மீன், மாலத்தீவு, இலங்கை பக்கம் இருந்துதான் பெரும்பாலும் வரும். புடிச்சவர்ட்ட ஒரு தொட்டி, ஏத்துமதி பண்றவர்ட்ட ஒரு தொட்டி, இங்க இறக்குறவர்ட்ட ஒண்ணு, அப்புறம் கடை. ஒவ்வொரு தடவ பை கட்டும்போதும் பைத் தண்ணி கெடக்கூடாதுன்னு முன்னாடியே பட்டினி போட்டுத்தான் கட்டுவாங்க, அது தப்பு இல்ல, அப்படித்தான் பண்ணணும், ஆனா கடல்ல பொழுதுக்கும் பாறைல பாசிய மேஞ்சுக்கிட்டே இருந்த ஜீவனுக்கு ரெண்டு மூணு வாரம் இந்தக் கதைன்னா வயிறு ஒட்டாம என்ன பண்ணும். இதுல புழுவே தேவையில்ல.

அதனால நான் முதல்ல கேக்கறது நீங்க என்ன போடறீங்க, எத்தன தடவ போடறீங்க. காலைல ஆபீஸ் போறப்ப ஒண்ணு, ராத்திரி வந்து ஒண்ணுன்னா அது டேங்குக்கு சோறு இல்ல, பிரசாதம். சுஷிக்கு விக்கற நோரி ஷீட் இருக்குல்ல, உப்பு எண்ணெய் மசாலா எதுவும் தடவாதது, அத கிளிப்ல மாட்டி காலைல இருந்து லைட் அணையற வரைக்கும் தொங்க விடுங்க, தீர்ந்தா மாத்துங்க. கூட மைசிஸ் (ஃப்ரோசனா விக்கற பொடி இறால் மாதிரி), ஊற வச்ச பெல்லட் நாலு அஞ்சு தடவ, ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு. இப்படி ஒரு அஞ்சு நாள். பட்டினியால வந்த ஒட்டுன்னா அஞ்சாவது நாளே வயிறு கொஞ்சம் ரொம்பறது தெரியும், கக்காவும் நோரி கலர்ல பச்சையா கருப்பா விழ ஆரம்பிக்கும். அப்படி ஆயிட்டா மேல எழுதப் போறத எல்லாம் படிச்சு வச்சுக்கோங்க, மருந்து மட்டும் வாங்காதீங்க.

இன்னொண்ணு, மீன சைடுல இருந்து மட்டும் பாக்காதீங்க. நேரா மூஞ்சிக்கு முன்னாடி இருந்தும் மேல இருந்தும் பாருங்க. வயிறு மட்டும் உள்ள போயிருந்தா பசி. தலைக்குப் பின்னாடி முதுகு மேல இருக்கற சதை கரைஞ்சு, மேல இருந்து பாத்தா கத்தி முனை மாதிரி ஒல்லியா தெரிஞ்சா உடம்பு தன் சதையவே தின்னுக்கிட்டிருக்குன்னு அர்த்தம், அது பல வாரக் கதை. ரெண்டாவது வகைதான் எனக்கு பயம், ஏன்னா அங்க புழு மட்டும் இல்ல, மீனுக்கு வர்ற காசநோய் மாதிரி பாக்டீரியாவும் ஒரு சந்தேகம். அந்த மைகோபாக்டீரியம் வகைல ஒண்ணு நம்ம கைல வெட்டுக்காயம் இருந்தா அது வழியா தோல்லயும் ஏறும், ஆறாத கட்டி மாதிரி மாசக்கணக்கா இழுக்கும். கை நீளத்துக்கு ஒரு ரப்பர் கையுறை வாங்கி வச்சுக்கோங்க, மீன் வளக்கற எல்லாருக்குமே சொல்றேன்.

சரி, அஞ்சு நாள் நல்லா போட்டாச்சு, ஆளு மாடு மாதிரி மேயுது, இன்னும் வயிறு ஒட்டி இருக்கு, கக்கா வெள்ளையா, நீளமா, உள்ள ஒண்ணுமே இல்லாத குழாய் மாதிரி தொங்குதுன்னா அப்ப உள்ள யாரோ பங்கு கேக்கறாங்க. யாருன்னு தெரியாம மருந்து குடுக்கறது இருட்டுல கல் எறியறது மாதிரி, ஏன்னா இதுல ஒரு மருந்து இன்னொரு கூட்டத்த தொடவே தொடாது.

குத்துமதிப்பா மூணு கூட்டம்னு வச்சுக்கோங்க. உருண்டைப் புழு, அதாவது நெமடோட். நாடாப்புழு, அது கூட தட்டைப்புழுக்கள். மூணாவது புழுவே கிடையாது, ஒரே செல் உள்ள, சாட்டை மாதிரி வால ஆட்டிக்கிட்டு நீந்தற ஃப்ளாஜெல்லேட், ஸ்பைரோநியூக்ளியஸ், ஹெக்ஸாமிட்டான்னு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. முதல் கூட்டத்துக்கு ஃபென்பென்டசோல். ரெண்டாவதுக்கு ப்ராசிகுவான்டெல். மூணாவதுக்கு மெட்ரோனிடசோல், நமக்கெல்லாம் வயித்துப் போக்குக்கு எழுதிக் குடுப்பாங்களே, முழுங்கினா வாயெல்லாம் இரும்பு கடிச்ச மாதிரி இருக்குமே, அதேதான். ஃபென்பென்டசோல் போட்டா ஃப்ளாஜெல்லேட்டுக்குன்னு ஒரு மருந்தா அத நம்ப முடியாது, மெட்ரோனிடசோல் போட்டா நாடாப்புழு திரும்பிக் கூட பாக்காது.

இதுல ஒரு ஆறுதல் இருக்கு, அதிகம் பேர் சொல்றதில்ல. நாடாப்புழு, குடல்ல இருக்கற தட்டைப்புழு, பல உருண்டைப் புழு இதெல்லாம் ஒரு மீன்ல இருந்து இன்னொரு மீனுக்கு நேரா தாவாது. நடுவுல ஒரு கோப்பிபாட் (தண்ணில இருக்கற பொடி ஜீவன்), ஒரு நத்தை, சிலதுக்கு ஒரு பறவை கூட வேணும் அதோட வாழ்க்கைச் சுத்து முடியறதுக்கு. உங்க வெறும் கண்ணாடித் தொட்டில அதுக்கெல்லாம் வழி இல்ல. அதனாலதான் கடல்ல இருந்து வர்ற மீன் பலதுல ஏதோ ஒரு புழு இருந்தும் நிறைய மீன் நம்ம வீட்டுல வருஷக்கணக்கா நல்லாதான் வாழுது. புழு இருக்கறது பிரச்சன இல்ல, அலைச்சல்ல மீன் பலம் இழந்து புழு கை ஓங்கறதுதான் பிரச்சன. ஃப்ளாஜெல்லேட்டும், கேப்பிலேரியா மாதிரி சில உருண்டைப் புழுவும் மட்டும் விதிவிலக்கு, அதுக்கு நடுவுல ஆள் தேவையில்ல, நேரா பரவும். தொட்டியிலயே பொறந்து வளந்த மீன்ல இந்த வயித்துப் புழு தொல்லை ரொம்பக் குறைவா இருக்கறதும் இதனாலதான். மண்டபத்துலயும் விழிஞ்ஞத்துலயும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க க்ளவுன்ஃபிஷ் ப்ரீட் பண்ணிக் காட்டினாங்க, டேங் குடும்பத்துலயே எல்லோ டேங்க 2015ல ஹவாய்ல தொட்டில வளத்துட்டாங்க. பவுடர் ப்ளூ நம்ம கைக்கு வர்றது இன்னும் கடல்ல புடிச்சதுதான்.

யாருன்னு கண்டுபுடிக்க மைக்ரோஸ்கோப். ஐயோன்னு ஓடாதீங்க, பசங்க ஸ்கூலுக்கு வாங்கற சாதா மைக்ரோஸ்கோப் போதும், மனு பிரகாஷ் கண்டுபுடிச்ச அந்த காகித ஃபோல்ட்ஸ்கோப் கூட 140 மடங்கு பெருசாக்கிக் காட்டும், புழு முட்டை பாக்க அது தாராளம். ஃப்ளாஜெல்லேட் பாக்க 400 மடங்கு இருந்தா நல்லது. விஷயம் என்னன்னா கக்கா புதுசா இருக்கணும், மீன் விட்ட கையோட பிப்பெட்ல உறிஞ்சி, ஸ்லைடுல ஒரு சொட்டு தொட்டித் தண்ணியோட வச்சு, கவர் ஸ்லிப் போட்டு லேசா அமுக்கி உடனே பாக்கணும். அரை மணி நேரம் அடில கிடந்தத எடுத்துப் பாத்தா ஃப்ளாஜெல்லேட் செத்துக் கிடக்கும், தொட்டில இருக்கற வேற ஏதாவது அதுல ஏறி நீந்திக்கிட்டிருக்கும், அத பாத்துட்டு நீங்க பயந்துடுவீங்க. ரெண்டு பக்கமும் மூடி போட்ட சின்ன பீப்பா மாதிரி முட்டை தெரிஞ்சா கேப்பிலேரியா வகை உருண்டைப் புழு. கட்டுக்கடங்காம மின்னி மின்னி குறுக்கும் நெடுக்கும் ஓடற பொடிப் புள்ளிங்க கூட்டமா தெரிஞ்சா ஃப்ளாஜெல்லேட்.

இங்கதான் டேங் வச்சிருக்கறவங்க ஒரு இடத்துல ஏமாறுவாங்க, நானும் ஏமாந்தேன். ஸ்லைடுல சுருட்டு மாதிரி நீளமா, ரெண்டு பக்கமும் கூம்பி, பெருசு பெருசா என்னவோ நீந்துச்சு, ஆஹா மாட்டிச்சுடா ஒட்டுண்ணின்னு குதிச்சேன். அது எபுலோபிஸியம், ஒட்டுண்ணியே இல்ல, சர்ஜன் ஃபிஷ் குடும்பத்து மீன்கள் (டேங்கும் இந்தக் குடும்பம்தான்) பலதோட குடல்ல குடியிருக்கற ராட்சச பாக்டீரியா. பெருசுல சிலது அரை மில்லிமீட்டரத் தாண்டும், வெறுங்கண்ணுக்கே புள்ளியா தெரியும். 1985ல செங்கடல் சர்ஜன் ஃபிஷ் குடல்ல முதல்ல பாத்தப்ப விஞ்ஞானிங்களே இவ்ளோ பெருசா ஒரு பாக்டீரியா இருக்க முடியாதுன்னு வேற ஏதோ ஒருசெல் உயிர்னு நெனச்சாங்க, 1993லதான் மரபணுவ வச்சுப் பாத்து பாக்டீரியான்னு முடிவாச்சு. அவங்களே அப்படின்னா நான் எம்மாத்திரம். அது மீனுக்குக் கெடுதல் பண்றதில்ல, பாசி தின்னற மீனோட குடல் குடும்பத்துல அதுவும் ஒரு ஆள்.

இத ஏன் இவ்ளோ நீட்டறேன்னா மெட்ரோனிடசோல் ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழற பாக்டீரியாவக் கொல்ற மருந்தும் கூட. பாசி தின்னற டேங்குக்கு செரிக்கறதே குடல் பாக்டீரியா தயவுல. புழு இருக்கோ இல்லையோ சும்மா தடுப்புக்குன்னு எல்லா புது மீனுக்கும் பத்து நாள் மெட்ரோனிடசோல் ஊட்டற பழக்கம் இருக்கு பாருங்க, அது டேங் விஷயத்துல எனக்கு சுத்தமா ஒப்புதல் இல்ல. மைக்ரோஸ்கோப்ல ஃப்ளாஜெல்லேட்ட பாத்தா குடுங்க, இல்லேன்னா அது கடைசி மருந்து.

இப்ப எப்படிக் குடுக்கறது. தண்ணில இல்ல, சாப்பாட்டுல. கடைக்காரர்ட்ட கேட்டா கடல் மீன் தண்ணி குடிக்கும், அதனால தண்ணில போட்டாலே வயித்துக்குப் போயிடும்பார். அது பாதி உண்மைதான். நார்த்தங்காய்ல உப்பு போட்டா தண்ணி விட்டுக்கிட்டே இருக்குல்ல, அது மாதிரி கடல் தண்ணில இருக்கற எலும்பு மீன் உடம்புல இருந்து தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும், அத ஈடு கட்ட அது கடல் தண்ணியக் குடிச்சே ஆகணும். நன்னீர் மீனுக்கு இந்தக் கட்டாயம் இல்ல. ஆனா குடிக்கற அளவு கொஞ்சம், அதுல கரைஞ்சிருக்கற மருந்து அதுல கொஞ்சம், குடல் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கற புழுவுக்குப் போய்ச் சேர்றது ரொம்ப சொல்பம். 80 லிட்டர் தண்ணிக்கு வைத்தியம் பாக்கறதுக்கு பதிலா அரை கிராம் சாப்பாட்டுக்கு வைத்தியம் பாருங்க, மருந்து செலவும் மிச்சம், தொட்டில இருக்கற நல்ல பாக்டீரியாவும் தப்பிக்கும்.

நான் பண்றத அப்படியே சொல்றேன். கணக்குக்கு மொத்தம் 40 கிராம் சாப்பாடுன்னு வச்சுக்கறேன், அதுல ஜெலட்டினும் சேத்தி. மெட்ரோனிடசோல் சாப்பாட்டு எடைல நூத்துல ஒரு பங்கு, அதாவது 40 கிராமுக்கு 400 மில்லிகிராம், ஒரே ஒரு 400 மாத்திரை, கணக்கு சுலபம். ஃபென்பென்டசோல் அதுல கால் பங்கு, 100 மில்லிகிராம். ப்ராசிகுவான்டெல் 200 மில்லிகிராம், 600 மாத்திரை கிடைச்சா அதுல மூணுல ஒண்ணு. இதுல ஒரு பொறி இருக்கு, மாத்திரையோட மொத்த எடை வேற, உள்ள இருக்கற மருந்தோட எடை வேற. 400 மாத்திரைய தராசுல வச்சா அதுக்கு மேல காட்டும், மாவு, பசை, மேல் பூச்சு எல்லாம் சேத்தி. அதனால பொடிய நிறுத்து 400 மில்லிகிராம் எடுக்காதீங்க, முழு மாத்திரைய பொடிச்சு பாதி, கால்னு பிரிங்க. இந்த மூணுல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான், மூணையும் ஒரே உருண்டைல போட்டு கதம்ப சாதம் பண்ணாதீங்க, அப்புறம் எது வேல செஞ்சுது எது கெடுத்துதுன்னே தெரியாது.

ஃப்ரோசன் மைசிஸ ஒரு டீ வடிகட்டில போட்டு உருக விட்டு, தண்ணிய நல்லா வடிச்சிடணும், இல்லேன்னா மருந்து எல்லாம் அந்தத் தண்ணியோட போயிடும். டேங்குக்குன்னா கூட கொஞ்சம் நோரிய கத்தரியால பொடிசா நறுக்கிப் போடுவேன். மாத்திரைய ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சு நசுக்கி, மாவு மாதிரி ஆகற வரைக்கும் தேய்க்கணும், கட்டி இருந்தா ஒரு வாய்ல மொத்தக் கசப்பும் மாட்டும், மீன் துப்பிட்டு அதுக்கப்புறம் அந்த சாப்பாட்டு பக்கமே வராது. ஒரு ஸ்பூன் ஜெலட்டின வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு, கை பொறுக்கற சூடு வந்தப்புறம் மருந்துப் பொடிய அதுல கலந்து, அப்புறம் மைசிஸ்ல ஊத்திப் பெரட்டி, ஒரு ஜிப் கவர்ல போட்டு தோசை மாதிரி மெல்லிசா பரப்பி, ஸ்கேலால அமுக்கி கட்டம் கட்டமா கோடு போட்டு ஃப்ரீசர்ல வச்சிடுவேன். வேணுங்கறப்ப சாக்லேட் மாதிரி ஒரு கட்டம் உடைச்சுப் போடலாம். வீட்டுல ஜெலட்டின் ஆகாதுன்னா சைனா கிராஸ் கடல்பாசியும் ஆகும், ஆனா அத கொதிக்க வச்சாதான் கரையும், உறையறதும் சட்டுனு உறைஞ்சிடும், ஆறி உறையப் போற அந்த நேரத்த புடிச்சு மருந்தக் கலக்கணும். கவர் மேல மருந்து பேர், தேதி, "மீனுக்கு"ன்னு பெருசா எழுதி ஒட்டுங்க. எங்க வீட்டுல ஒரு தடவ எழுதாம விட்டு, கோடு போட்ட அந்த தகடப் பாத்து இது என்ன புது ஐஸ்க்ரீமான்னு ஒரு விசாரணை நடந்துது, அன்னைல இருந்து எனக்கு ஃப்ரீசர்ல கீழ் மூலைதான்.

ப்ராசிகுவான்டெல் கசப்பு ரொம்ப, அதுக்கு பூண்டுச் சாறு ஒரு ரெண்டு சொட்டு விட்டா வாசனைக்கு வந்து சாப்பிடும். பூண்டு அவ்ளோதான், வாசனைக்கு. பூண்டே புழுவக் கொன்னுடும்னு சொல்றவங்ககிட்ட நான் சண்டைக்குப் போறதில்ல, என் மீனுக்கு அத மருந்தா நம்பிக் குடுக்கறதும் இல்ல. மெட்ரோனிடசோல் குழந்தைங்க சிரப்பா கிடைக்குதே, இனிப்பா இருக்கேன்னு அத ஊத்தினவர் ஒருத்தர எனக்குத் தெரியும், சக்கர போய் தண்ணில பாக்டீரியா பெருகி விடியறதுக்குள்ள தொட்டி பால் மாதிரி ஆயிடுச்சு, மீன் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுது.

எத்தன நாள்னா ஃபென்பென்டசோல் மூணு நாள் தொடர்ந்து, ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப மூணு நாள், ஏன்னா முட்டை தப்பிச்சிருக்கும். ப்ராசிகுவான்டெல் சாப்பாட்டுல மூணு நாள், வாரம் பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவ. மெட்ரோனிடசோல் அஞ்சு நாள். மருந்து சாப்பாடு நாளுக்கு ரெண்டு வேள, மீன் பசியோட இருக்கற காலை வேள அதுல ஒண்ணு, மத்த நேரம் சாதா சாப்பாடும் நோரியும் வழக்கம் போல. மைக்ரோஸ்கோப்புக்கு வழியே இல்லேன்னா உங்க டேங்குக்கு நான் ஃபென்பென்டசோல்ல ஆரம்பிப்பேன், ஒரு வாரம் வேடிக்க பாப்பேன், அப்புறம் ப்ராசிகுவான்டெல், ரெண்டுக்கும் மசியலேன்னா மட்டும் மெட்ரோனிடசோல். கறி தின்னற மீனா இருந்தா, உதாரணத்துக்கு ஒரு ஏஞ்சலோ பட்டர்ஃப்ளையோ, வெள்ளக் கக்காவோட வேகமா மெலிஞ்சா இந்த வரிசைய மாத்தி மெட்ரோனிடசோல முன்னாடி கொண்டு வருவேன்.

ஒரு தடவ ரக்கூன் பட்டர்ஃப்ளை ஒண்ணுக்கு ஃபென்பென்டசோல் ரெண்டாவது நாள் குடுத்துட்டு சாயங்காலம் பாக்கறேன், பின்னாடி சேமியா மாதிரி வெள்ளையா ஒண்ணு தொங்குது, கக்கான்னு நெனச்சா அது சுருண்டு நிமிருது. அப்படியே பத்து நிமிஷம் நாற்காலி போட்டு உக்காந்து பாத்தேன், கடைசில விழுந்துது, பிப்பெட்ல எடுத்து வெள்ளத் தட்டுல வச்சா ரெண்டு இஞ்ச்சுக்கு மேல நீளம். அந்த மீனே அஞ்சு இஞ்ச்தான்! வெளிய வந்தத கையால புடிச்சு இழுக்காதீங்க, உள்ள அறுந்து நிக்கும். அதே மாதிரி ரொம்ப நலிஞ்சு போன மீனுக்கு எடுத்த எடுப்புல மருந்து வேண்டாம், ஒரே நாள்ல நிறைய புழு செத்து குடல்ல அடைச்சா அத தாங்க அதுக்கு தெம்பு இருக்காது. முதல்ல சொன்ன அஞ்சு நாள் சாப்பாடு அதுக்கும்தான்.

மீன் சாப்பிடவே இல்லேன்னா அப்ப வேற வழி இல்ல, தண்ணிலதான். மெட்ரோனிடசோல் உங்க 80 லிட்டருக்கு 500 மில்லிகிராம் போல, தினம் கால்வாசி தண்ணி மாத்திட்டு திரும்ப போடணும், அஞ்சு நாள். ப்ராசிகுவான்டெல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், உங்களுக்கு 200. அது தண்ணில லேசுல கரையாது, கொஞ்சம் வோட்காவுல கரைச்சு ஊத்தறவங்க உண்டு, இல்லேன்னா ஒரு பாட்டில்ல தொட்டித் தண்ணியோட போட்டு கை வலிக்க குலுக்கணும். தண்ணிய சுத்தம் பண்ற கார்பன், ஸ்கிம்மர், யுவி லைட் எல்லாம் நிறுத்திட்டு ஏர் ஸ்டோன் ஒண்ணுக்கு ரெண்டா விடுங்க, இத தின்னற பாக்டீரியா பெருகி ஆக்சிஜன உறிஞ்சிடும். ராஸ்னு (wrasse) ஒரு மீன் குடும்பம், அதுல சில மீனுக்கு இந்த மருந்து ஒத்துக்காது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. தண்ணில போடற ப்ராசியோட உண்மையான பலன் செவுள்லயும் தோல்லயும் ஒட்டற தட்டைப்புழு ஃப்ளூக்குக்கு, அது முட்டைய தொடாததால ஆறு ஏழு நாள் கழிச்சு ரெண்டாவது தடவ போடணும்.

அப்புறம் பவுடர் ப்ளூன்னாலே இக் காந்தம், இக்னா (ich) உடம்புல வெள்ளப் புள்ளியா வர்ற ஒட்டுண்ணி வியாதி. வெள்ளப் புள்ளி வந்தா, அதவிட மோசமா வெல்வெட்ங்கற இன்னொரு ஒட்டுண்ணி வந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சா, வயித்துக் கதைய மூட்ட கட்டி வச்சுட்டு முதல்ல காப்பர் மருந்து. வெல்வெட் ரெண்டு மூணு நாள்ல ஆள முடிச்சிடும், வயித்துப் புழு மாசக்கணக்கா எடுத்துக்கும், அவசரம் எதுக்குன்னு தெரியணும். உடம்புல ஒண்ணும் இல்லேன்னா முதல்ல தேத்தி, வயித்துக்கு வைத்தியம் பாத்து, அப்புறம் காப்பர். காப்பர் போட்டா பசி குறையும், பசி குறைஞ்சா மருந்து சாப்பாடு எப்படி உள்ள போகும்.

மெயின் டேங்க்ல போடச் சொன்னாங்கன்னீங்களே, அத பத்தி எனக்கு வடுவே இருக்கு. பல வருஷம் முன்னாடி, குவாரன்டைன் தொட்டி வைக்க சோம்பல் பட்டு, ஒரு கடைல சொன்னாங்கன்னு ரீஃப் டேங்க்லயே, அதாவது பவளம் வளக்கற தொட்டிலயே, ஃபென்பென்டசோல கலக்கிட்டேன். மூணு நாள்ல ஃபெதர் டஸ்டர் (குழாய்க்குள்ள வாழற விசிறித் தலைப் புழு) அத்தனையும் தலைய உதுத்துட்டு குழாயா நின்னுது, பவளத்தோட உறவான ஸோவாந்திட் மொட்டு மொட்டா மூடிக்கிட்டது பாதி திறக்கவே இல்ல, நத்தைங்க ஒவ்வொண்ணா கவுந்துது. கடல்குதிர வளக்கறவங்க தொட்டில ஹைட்ராய்டு (கொட்டற பொடி ஜீவன்) வந்தா இதே மருந்த வேணும்னே போட்டுக் கொல்லுவாங்க, ஹைட்ராய்டும் பவளமும் பங்காளிங்க, எனக்கு அது அப்புறம்தான் உறைச்சுது. மருந்து கல்லுலயும் மண்ணுலயும் ஊறி அடுத்து வாங்கிப் போட்ட நத்தையையும் சாகடிச்சுது. மீன் பொழைச்சுதான்னு கேக்கறீங்களா, அதுக்கு புழுவே இல்ல, கடைல பட்டினி.

மருந்து வாங்கறப்ப சில விஷயம். ஃபென்பென்டசோல் நாய் பூனை மருந்து விக்கற கால்நடை மெடிக்கல்ல கிடைக்கும், ஆனா நாய்க்கான புழு மாத்திரைல மூணு மருந்து சேத்து வர்றது உண்டு, அது வேண்டாம், தனியா வர்றத கேளுங்க. ஸ்கூல்ல பிப்ரவரி 10ஆம் தேதி குடற்புழு நீக்க நாளுக்கு பசங்களுக்குக் குடுக்கற அல்பென்டசோல் இதோட ஒண்ணுவிட்ட தம்பிதான், இருந்தாலும் மீனுக்கு ஃபென்பென்டசோல்தான் நிறைய பேர் கையாண்டு பாத்தது, நான் அதையே புடிச்சுக்கறேன். ஐவர்மெக்டின் மட்டும் வேண்டவே வேண்டாம், மாட்டுக்கு நாய்க்கு போடறாங்களேன்னு எடுத்துடாதீங்க, மீனுக்கு மருந்து அளவுக்கும் விஷ அளவுக்கும் நடுவுல இடைவெளியே கிடையாது. மெட்ரோனிடசோல் டாக்டர் சீட்டு வச்சு வாங்க வேண்டிய மருந்து, ஒரு கால்நடை டாக்டர்ட்ட மீன் படத்தக் காட்டி கேளுங்க, சிரிப்பாங்க, அப்புறம் ஆர்வமா கேப்பாங்க, என் அனுபவம் அது.

தொட்டி சூட்டையும் பாத்துக்கோங்க, சென்னைல சில்லர் (தண்ணிய குளிர வைக்கற மிஷின்) இல்லாத தொட்டி மதியம் 31க்கு சர்வசாதாரணமா போகும், சூடு ஏற ஏற மீன் உடம்பு வேகமா எரியும், நீங்க போடற சாப்பாடு எல்லாம் அதுலயே போயிடும். ரெண்டு ஃபேன் மாட்டி 26, 27ல நிறுத்தப் பாருங்க. ஜெலட்டின் சாப்பாடு மிச்சம் அடில தங்கினா அமோனியா ஏறும், சாப்பிட்ட பத்து நிமிஷத்துல உறிஞ்சி எடுத்துடுங்க.

மருந்து முடிஞ்ச மறுநாளே வயிறு ரொம்பிடாது, கக்கா நிறம் ஒரு வாரத்துல மாறும், முதுகு சதை திரும்பி வர மாசம் ஒண்ணு ரெண்டு ஆகும். ரெண்டாவது சுத்து முடிஞ்சு ரெண்டு வாரம் நல்ல நிறத்துல கக்கா விழுந்தாதான் மெயின் டேங்க் பேச்சு. அந்த கடை பாக்கெட்டத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிங்க, மருந்து பேரும் அளவும் இருந்தா இங்க எழுதுங்க, பேரே இல்லாத பொடின்னா அத திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுக்கு நோரி வாங்குங்க. அப்புறம் மேல இருந்து எடுத்த படம் ஒண்ணு அனுப்புங்க, நீங்க சைடுல எடுத்தது மட்டும்தான் இருக்கு, எனக்கு முதுகு பாக்கணும்.